ஊழியத்துக்கு வரும் தம்பி தங்கைக்கு: மலையகத்தில் முதல் இரண்டு வருடம்

நான் ஊழியத்துக்கு வந்த மூன்றாவது வருடம், இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சாவு வீடு. பெட்டியை மூடுமுன் ஜெபிக்கும்படி என்னைக் கூப்பிட்டார்கள். கண்ணை மூடி நின்றேன். ஒரு சொல்லும் வரவில்லை. துக்கத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது என்றால் பரவாயில்லை. உள்ளே எதுவுமே இருக்கவில்லை. இறந்துபோன பாட்டி கையால் எத்தனையோ நாள் தேத்தண்ணி வாங்கிக் குடித்தவள் நான். அவர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, நாலரை பஸ்ஸை விட்டால் அடுத்த தோட்டத்துக் கூட்டத்துக்குப் போக முடியாதே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு மாமி "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்கினார். எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். நான் வாயை மட்டும் அசைத்தேன்.

அந்த ஒரு வாரத்தில் நான்கு தோட்டங்களில் வீட்டுக் கூட்டம், ஒரு முழு இரவு ஜெபம், இரண்டு நாள் உபவாசம், ஞாயிறு பள்ளி, சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குக் கணித வகுப்பு, ஒரு குடும்பத்தின் பிறப்புச் சான்றிதழுக்காகப் பிரதேச செயலக அலைச்சல். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கேட்டார்கள், செய்தேன். கேட்கப்படுவதெல்லாம் கர்த்தர் கூப்பிடுவதுதான் என்று நம்பியிருந்தேன். மலையகத்தில் அந்த நம்பிக்கையோடு ஒருவர் இரண்டு வருடம் தாக்குப்பிடிக்கலாம், அதற்கு மேல் முடியாது. இங்கே தேவைக்கு முடிவே கிடையாது. அந்தத் தேவைகளுக்குள் எந்த ஒன்றுக்காக நீங்கள் கூப்பிடப்பட்டீர்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்கும்வரை உடம்பும் மனமும் உடையாமல் இருக்க வேண்டும். எனக்குத் தாமதமாகத் தெரிந்ததை உங்களுக்கு முன்கூட்டியே சொல்கிறேன்.

முதலில் மூன்று பேரிடம் சொல்லுங்கள்

அழைப்பு வந்ததாகத் தோன்றிய நாளை ஒருவரும் மறப்பதில்லை. வாலிபர் முகாமின் கடைசி இரவாக இருக்கலாம், அம்மா வருத்தத்திலிருந்து எழுந்த காலையாக இருக்கலாம். அந்த நேரம் உண்மையானது. ஆனால் எதற்காக என்பது அந்த நேரத்திலேயே தெரிந்துவிடாது. சாமுவேலுக்கு மூன்று முறை சத்தம் கேட்டது, மூன்று முறையும் யாருடைய சத்தம் என்று தெரியாமல் ஏலியிடம் ஓடினான். கண் மங்கிப்போன அந்தக் கிழவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். அதனால் நீங்களும் சொல்லுங்கள்.

முதல் ஆள் உங்கள் போதகர், கத்தோலிக்கர் என்றால் பங்குத்தந்தை. இரண்டாவது, உங்கள் முடிவின் பாரத்தைச் சுமக்கப்போகிறவர்: அம்மா, அப்பா, கல்யாணமானவர் என்றால் கணவனோ மனைவியோ. தோட்டத்துப் பிள்ளைக்கு இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. லயத்து அறை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டில் கிடைக்கும் அறை, தோட்ட வேலையோடு பிணைக்கப்பட்டது. வீட்டில் பேர் பதிந்து வேலை செய்கிறவர் நீங்கள் ஒருவர்தான் என்றால், நீங்கள் வேலையை விடும் நாளில் அம்மா இருக்கும் கூரைக்கும் கேள்வி வரலாம். இதைப் பேசாமல் விசுவாசம் என்று புறப்பட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து அம்மாவின் அழுகைக்கும் ஊழியத்துக்கும் நடுவில் தவித்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது ஆள் சபைக்கு வெளியே உங்களைத் தெரிந்தவர். படிப்பித்த டீச்சர், கூட வேலை செய்தவர், பக்கத்து வீட்டு இந்து அண்ணன், யாராக இருந்தாலும் சரி. "எனக்கு எது நல்லா வருது? எதுல நான் சோம்பல் படுறேன்?" என்று கேளுங்கள். இந்த மூன்றாவது ஆளைப் பலபேர் விட்டுவிடுகிறார்கள். சபைக்குள் இருப்பவர்கள் சந்தோசத்தில் எல்லாவற்றையும் ஆமோதித்துவிடுவார்கள், வெளியில் இருப்பவர் பார்த்ததைச் சொல்வார். எனக்கு ஒரு டீச்சர் சொன்னார்: "நீ மேடையில பேசும்போது பாடமா ஒப்பிக்கிற. ஒரு பிள்ளைய தனியா உக்கார வச்சா, அது மனசில உள்ளதெல்லாம் உன்கிட்ட கொட்டிரும்." அன்று அது எனக்குப் பாராட்டாகவே தெரியவில்லை.

சொன்ன பிறகு மூன்று மாதம் பொறுங்கள். வேலையை விட வேண்டாம், படிப்பை நிறுத்த வேண்டாம்.

என்னென்ன வேலை இருக்கிறது என்று பாருங்கள்

ஊழியம் என்றதும் நம் பிள்ளைகளுக்குக் கண்முன் வருவது மைக் பிடித்த ஒருவர்தான். ஆனால் மலையகத்துச் சபைகளை நிறுத்தியவர்கள் பெரும்பாலும் மைக் பிடிக்காதவர்கள். 1854 இல் சர்ச் மிஷனரி சங்கத்தார் கோப்பித் தோட்டத் தமிழருக்காக ஒரு மிஷனைத் தொடங்கியபோது, தோட்டம் தோட்டமாக நடந்தவர்கள் உபதேசிமார். ஓர் ஊரில் உட்கார்ந்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள், வியாதிக்காரரைப் பார்த்தார்கள், ஜெபித்தார்கள், அடுத்த மலைக்கு நடந்தார்கள். கோப்பி போய்த் தேயிலை வந்த பிறகும் அந்த வேலை நிற்கவில்லை. உபதேசியார் என்ற சொல் இன்றும் பழைய சபைகளில் இருக்கிறது.

குருவாகவோ போதகராகவோ அபிஷேகம் பெறுவது ஒரு பாதை. கத்தோலிக்கருக்கு அது மறைமாவட்டத்தின் வழியாக, பல வருடக் குருமடப் பயிற்சியோடு போகும். அம்பிட்டியாவில் தேசிய குருமடம் இருக்கிறது. மெதடிஸ்த, அங்கிலிக்கன், பப்டிஸ்த சபைகளுக்குப் பிலிமத்தலாவையில் 1963 இல் தொடங்கிய இலங்கை இறையியல் கல்லூரி உண்டு. அங்கே சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் அவரவர் மொழியில் படிக்கிறார்கள். பேராதனையில் லங்கா வேதாகமக் கல்லூரி இருக்கிறது. மெதடிஸ்த திருச்சபையிலும் இலங்கைத் திருச்சபையிலும் பெண்களும் அபிஷேகம் பெறுகிறார்கள் என்பதைத் தங்கைமார் தெரிந்துவைத்திருக்க வேண்டும்; அப்படி ஒன்று இருப்பதாகவே எனக்கு இருபத்திரண்டு வயதுவரை யாரும் சொல்லவில்லை.

இன்னொரு பக்கம், வேலையை விடாமலே செய்யும் ஊழியங்கள்: ஞாயிறு பள்ளி, மறைக்கல்வி, உள்ளூர்ப் பிரசங்கம், பாடகர் குழு, வைத்தியசாலைச் சந்திப்பு, முதியோருக்கு வேதம் வாசித்துக் காட்டுவது, குடியை விட நினைக்கிறவர்களோடு கூட நிற்பது. பவுல் கொரிந்துவில் கூடாரம் தைத்துக்கொண்டே ஊழியம் செய்தார். முழுநேரம் மேலானது, பகுதிநேரம் கீழானது என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ, அதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஆறு மாதம், இரண்டு வேலை, ஒரு கொப்பி

இதுதான் நான் மிகவும் வற்புறுத்துகிற படி. மூன்று மாதம் பொறுத்த பிறகு, சபையில் இரண்டே இரண்டு வேலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று உங்களுக்குப் பிடித்தது. மற்றது உங்களால் முடியாது என்று நினைப்பது. ஆறு மாதம் அவற்றை மட்டும் செய்யுங்கள். "இவ்வளவு ஆர்வமா இருக்கீங்க, வாலிபர் கூட்டத்தையும் பாருங்களேன்" என்று மூன்றாவதைக் கொடுப்பார்கள். அடுத்த ஆறு மாதத்தில் பார்க்கிறேன் என்று சொல்லுங்கள்.

பழைய கொப்பி ஏதாவது வீட்டில் மிச்சம் இருந்தாலும் போதும், எடுத்து வையுங்கள். ஒவ்வொரு இரவும் இரண்டு வரி. என்ன செய்தேன்? எப்படி வீட்டுக்கு வந்தேன்? இரண்டாவது கேள்விதான் முக்கியம். "களைப்பு, ஆனா தூக்கம் வந்தது." "களைப்பு, தூக்கம் வரல." "தங்கச்சி மேல எரிஞ்சு விழுந்தேன்." இப்படி எழுதினால் போதும். ஜெபக்குறிப்பு மாதிரி அழகாக எழுதத் தேவையில்லை.

நான் இதைத் தொடங்கியது சாவு வீட்டுக்குப் பிறகுதான். மூத்த ஊழியக்காரர் ஒருவர் என்னை இரண்டு மாதம் எல்லாவற்றிலிருந்தும் நிறுத்தி, பிறகு இரண்டே வேலை கொடுத்தார்: வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பேசுவது, வியாழக்கிழமை டிக்கோயா ஆதார வைத்தியசாலையில் நம் தோட்டத்து ஆட்களைப் பார்ப்பது. ஆறு மாதம் கழித்துக் கொப்பியைத் திருப்பினேன். வெள்ளிக்கிழமைகளில் பெரும்பாலும் "தலைவலி", "சாப்பிடாமல் படுத்தேன்". கூட்டம் நன்றாக நடந்த வெள்ளிக்கிழமையிலும் அதேதான். வியாழக்கிழமைகளில் கால் வலி இருந்தது, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த அலுப்பு இருந்தது, ஒரு வியாழன் ஒரு பிள்ளைத்தாய்ச்சி பிள்ளையை இழந்த துக்கம்கூட இருந்தது. ஆனால் எல்லா வியாழனிலும் தூங்கியிருந்தேன். வார்டில் யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தால் அவர்கள் பேசினார்கள். அன்றுதான் டீச்சர் சொன்னது புரிந்தது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். களைப்பு வருகிறது என்பதற்காக அது உங்கள் வேலை இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். மலையில் கொழுந்தெடுக்கும் அம்மாமாரைவிட நாம் ஒன்றும் அதிகம் களைப்பதில்லை. பார்க்க வேண்டியது களைத்த பிறகு என்ன ஆகிறது என்பதை. தூங்கி எழுந்தால் திரும்பவும் போக மனம் வருகிறதா? நீங்கள் செய்ததால் யாருக்காவது ஏதாவது நடந்ததா? பார்த்த மற்றவர்கள் "இது உனக்கு வருது" என்கிறார்களா? இந்த மூன்றும் ஒரே வேலையில் சேர்ந்து வந்தால் அங்கே நில்லுங்கள்.

இந்த ஆறு மாதத்தை ஒரு தம்பியும் என்னோடு செய்தார். பெரிய பிரசங்கியாராக வேண்டும் என்று வந்தவர். அவர் எடுத்த இரண்டு வேலை பிரசங்கமும் ஞாயிறு பள்ளியும். அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கேட்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது

முடியாது என்று சொல்லப் பழகுங்கள் என்று பட்டணத்துப் பயிற்சிகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். நம் லயத்தில் அது ஆகாது. பெரியவர் ஒருவர் படியேறி வந்து கேட்கும்போது முகத்துக்கு நேரே முடியாது என்றால், அவர் வீட்டுக் கதவு நமக்கு மூடிவிடும். அதற்காகத் தலையாட்டிவிட்டுப் போகாமல் இருப்பது இன்னும் மோசம். நான் கற்றுக்கொண்டது இதுதான்: நாளைக் கொடுங்கள், ஆளைக் கொடுங்கள்.

"சிஸ்டர், நாளைக்கு நம்ம வீட்டுல கூட்டம் வச்சிருக்கோம். நீங்கதான் வந்து பேசணும்."

"சந்தோசம் ஐயா. நாளைக்கு வியாழக்கிழமை, நான் ஆஸ்பத்திரிக்குப் போகணும். மேட்டு லயத்துத் தம்பி நல்லா பேசுறாரு, அவர்கிட்ட இப்பவே கேட்டுச் சொல்றேன். நான் அடுத்த மாசம் மொத வெள்ளி வந்து ஒங்க வீட்டுல தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போவேன்."

சொன்ன வெள்ளிக்கிழமை கட்டாயம் போங்கள். ஒருமுறை சொன்ன நாளில் போனால், அடுத்த முறை நீங்கள் கொடுக்கும் நாளை அவர்கள் நம்புவார்கள். இப்படி ஆளைக் கொடுக்கும்போது மேட்டு லயத்துத் தம்பிக்கும் பேச இடம் கிடைக்கிறது. மோசே காலையிலிருந்து மாலைவரை ஒருவராக உட்கார்ந்து வழக்குத் தீர்த்துக்கொண்டிருந்தபோது, மாமனார் எத்திரோ வந்து பார்த்துவிட்டு, நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்றார். ஜனங்களும் என்று அவர் சொன்னதை நாம் கவனிப்பதில்லை. நானே எல்லாம் செய்த அந்த மூன்று வருடத்தில் என் நான்கு தோட்டத்திலும் ஒருவரும் ஜெபிக்கப் பழகவில்லை. நான் வராவிட்டால் கூட்டம் இல்லை என்றாகியிருந்தது.

கடிதம் எழுதுவது, படிவம் நிரப்புவது, கந்தோர் அலைச்சல் ஆகியவற்றுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். 1948 இல் குடியுரிமை பறிபோனதிலிருந்து நம் சனத்துக்குக் காகிதம் என்றாலே பயம். அந்தப் பயத்துக்குக் கூட நிற்பதும் ஊழியம்தான். ஆனால் எல்லா நாளும் அதுவானால், வேறு எதுவும் இருக்காது. நான் செவ்வாய்க்கிழமை காலை என்று வைத்தேன். அத்தோடு சாதாரண தரம் முடித்த இரண்டு பிள்ளைகளுக்குப் படிவம் நிரப்பச் சொல்லிக்கொடுத்தேன்.

காசைப் பற்றி முதல் நாளே பேசுங்கள்

இது கூச்சமான பேச்சு. கூச்சப்பட்டவர்கள்தான் கடனில் போய் விழுகிறார்கள். ஒரு சபையோ நிறுவனமோ உங்களை ஊழியராக எடுக்கும்போது ஒரு தாளை வைத்துக்கொண்டு கேளுங்கள். மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில்? பஸ் காசு அதற்குள்ளா, தனியா? போனுக்கு ரீலோட் யார் போடுவது? வருத்தம் வந்தால்? ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) உண்டா? வருடத்தில் எத்தனை நாள் லீவு? யாருக்கு நான் பதில் சொல்ல வேண்டும்? பதில்களைத் தாளில் எழுதி, அவர்களுக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.

"விசுவாசத்தில வாங்க, கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று பதில் வரலாம். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று நானும் நம்புகிறேன். ஆனால் அவர் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் மனிதர் கையால்தான், அந்தக் கைகள் எவை என்று தெரிந்துவைத்துக்கொள்வதில் அவிசுவாசம் ஒன்றும் இல்லை. என் முதல் இடத்தில் நான் இதைக் கேட்கவில்லை. எட்டு மாதம் பஸ் காசு என் அம்மாவின் கொழுந்துச் சம்பளத்திலிருந்து போனது. மழையில் நனைந்து அவர் எடுத்த கொழுந்து அது. இன்றும் நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

இன்னொரு கேள்வியும் அந்தத் தாளில் இருக்கட்டும்: மாதா மாதம் ஆள் கணக்குக் கேட்பீர்களா? புதிதாக எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள் என்று எண்ணிக்கை அனுப்பச் சொல்லும் இடங்கள் உண்டு. எண்ணிக்கைக்காக ஓடுகிறவர் விரைவில் உடைவார், பக்கத்து வீட்டாரோடும் பகையாவார். நம் லயங்களில் பெரும்பாலானோர் இந்துக்கள். ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறோம். அரிசிப் பையோடு ஒரு துண்டுப் பிரசுரத்தையும் திணித்தால், வாங்குகிறவர் பசியில் வாங்கிக்கொள்வார், மனதில் காயம் நிற்கும். உதவியை உதவியாகவே கொடுக்க விடாத இடம் என்றால் அங்கே சேர வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

நுண்கடன் குழுக்களில் ஊழியச் செலவுக்காகக் கையெழுத்துப் போட வேண்டாம். இதற்கு விளக்கம் நம் பெண்களுக்குத் தேவையில்லை.

ஓய்வு நாள் எது?

ஊழியக்காரருக்கு ஞாயிறு ஓய்வு நாள் இல்லை. நம் ஊரில் பௌர்ணமிப் போயா நாளும் இல்லை. நாடே விடுமுறை எடுக்கும் அந்த நாளில்தான் சபைகளில் உபவாச ஜெபம், முகாம், விசேஷ கூட்டம் எல்லாம் வைக்கிறார்கள். ஆகவே வேறு நாள் பாருங்கள். தோட்டத்து நேரத்தைக் கணக்கில் எடுங்கள்: காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்குப் போனவர்கள் சாயங்காலம் நாலரை, ஐந்துக்குத்தான் வீடு திரும்புகிறார்கள். பகலில் லயத்தில் இருப்பது வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் வருத்தக்காரரும்தான். நம் வேலை சாயங்காலத்தில் தொடங்கி இரவு ஒன்பதுவரை போகிறது. அப்படியிருக்கக் காலை ஆறு மணிக்கே எழுந்து ஓடத் தொடங்கினால் அது இரண்டு ஆள் வேலை. சாயங்காலம் கூட்டம் இருக்கிற நாளில் மத்தியானம் படுங்கள். குற்ற உணர்ச்சி வேண்டாம்.

வாரத்தில் ஒரு முழு நாள், திங்களோ செவ்வாயோ, போனை வீட்டாரிடம் கொடுத்துவிடுங்கள். சாவு என்றால் மட்டும் கூப்பிடுங்கள் என்று சபைக்கும் சொல்லிவையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு நாள் வெளியே போங்கள். ஹப்புத்தளையில் அதிசம் பங்களாவில் பெனடிக்டின் துறவிகள் நடத்தும் மடம் இருக்கிறது; அப்படி அமைதியான இடமாக இருந்தால் நல்லது. காசு இல்லை என்றால் வேறு ஊரில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போங்கள். அங்கே உங்களை யாரும் சிஸ்டர் என்றோ பாஸ்டர் என்றோ கூப்பிடாமல், பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தேங்காய் துருவச் சொல்ல வேண்டும். எனக்கு அதுதான் மடத்தைவிட அதிகம் உதவியது.

புனித யோசேப் வாஸைக் காட்டி, அவர் ஓய்ந்தாரா என்று கேட்பவர்கள் உண்டு. 1687 இல் கோவாவிலிருந்து யாழ்ப்பாணம் வந்து, 1692 இல் கண்டிக்கு வந்தவுடன் ஒற்றன் என்று சிறையில் போடப்பட்டவர், வருடக்கணக்காகத் தனியாக நின்றவர். உண்மைதான். ஆனால் அவர் தனியாகவே இருக்க விரும்பியவர் இல்லை. கோவாவிலிருந்து துணைக்குருக்கள் வந்து சேர்ந்ததும் ஊர்களைப் பிரித்துக்கொடுத்து வேலை செய்தார். 1711 இல் அவர் கண்டியில் இறந்தபோது, வேலையைத் தொடர ஆட்கள் இருந்தார்கள்.

உடம்பு சொல்வதைக் கேளுங்கள்

தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுமுன், அதாவது செடியின் கிளைகளை நறுக்குமுன், சில இடங்களில் தேயிலை வேரைச் சீவி அயடீன் போட்டுப் பார்ப்பார்கள். கறுநீலமாக மாறினால் வேரில் மாப்பொருள் இருக்கிறது, வெட்டலாம். மாறாவிட்டால் கொஞ்சக் காலம் கொழுந்தெடுக்காமல் செடியை விட்டுவைப்பார்கள். வேர் வெறுமையாக இருக்கும்போது வெட்டினால் செடி பட்டுப்போகும். மேலே பச்சையாகத்தான் இருக்கும், பார்த்தால் தெரியாது.

மனிதருக்கு அந்த அயடீன் என்ன? என் அனுபவத்தில் இவை: பிள்ளைகள் சத்தம் போட்டால் பொறுக்க முடியாமல் போவது. வேதத்தைத் திறந்தால் பிரசங்கத்துக்குக் குறிப்பெடுக்க மட்டும் திறப்பது. கூட்டம் ரத்தானால் உள்ளுக்குள் சந்தோசப்படுவது. ஒருவர் அழும்போது மணியைப் பார்ப்பது. கடைசியாக, எதுவுமே தோன்றாமல் போவது. முதல் இரண்டு வந்தவுடனேயே உங்கள் மூத்தவரிடம் சொல்லுங்கள். ஐந்தாவதுவரை காத்திருந்தவள் நான்.

வயிற்றெரிச்சல் உள்ளவர் அடுத்தடுத்து உபவாசம் இருக்க வேண்டாம். மழைக்காலத்தில், மஸ்கெலியா, ஹட்டன் பக்கம் என்றால் மே மாதத்திலிருந்து, இரவுக் கூட்டத்தை ஏழரைக்கு முடியுங்கள்; அட்டைக் கடியோடும் நனைந்த உடுப்போடும் இரண்டு கட்டை நடந்து வந்து படுப்பதை ஆவிக்குரிய காரியமாக எண்ண வேண்டாம். தங்கைமார் இரவில் தனியாக நடக்கவே வேண்டாம். கூட ஆள் இல்லை என்றால் கூட்டம் இல்லை என்று சபை முடிவெடுக்கட்டும்.

தூக்கம் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டாலோ, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தாலோ, ஜெபத்தோடு டொக்டரிடமும் போங்கள். பெரிய அரச வைத்தியசாலைகளில் மனநலக் கிளினிக் உண்டு. 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்குக் கூப்பிட்டும் பேசலாம். எலியா சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாவைக் கேட்டபோது தேவன் அவரைக் கண்டிக்கவில்லை. தூங்க விட்டார், தூதனைக் கொண்டு அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், திரும்பவும் தூங்க விட்டார், திரும்பவும் சாப்பிடச் சொன்னார். பேச்செல்லாம் அதற்குப் பிறகு. அந்தப் பேச்சின் முடிவில் எலிசா என்றொரு துணையையும் காட்டினார்.

மண் சரியும் காலத்தில்

இது நம் மலைக்கே உரிய படி. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை என்று மலைநாடு முழுக்கச் சரிந்தது. இப்படிப்பட்ட நாட்களில் கோயிலும் சேர்ச்சும் பாடசாலையும் ஒரே முகாமாகிவிடும், ஊழியக்காரர் எல்லாரும் தூக்கமில்லாமல் ஓடுவார்கள். ஓடத்தான் வேண்டும். ஆனால் இரண்டாம் நாளே முறை வையுங்கள்: மூன்று நாள் முகாமில் நின்றவர் நான்காம் நாள் வீட்டில். சாமான் தூக்குகிறவர் வேறு, ஆட்களோடு உட்கார்கிறவர் வேறு. வாங்குகிறவர் முகத்தைப் போனில் படம் எடுக்க விடாதீர்கள். அங்கே பிரசங்கம் வேண்டாம், கேட்டால் மட்டும் ஜெபியுங்கள்.

முதல் மாதம் எல்லாரும் வருவார்கள். நான்காவது மாதத்தில்தான் சனம் தனியாக நிற்கும். அப்போது போக உங்களிடம் பலம் மிச்சம் இருக்க வேண்டும்.

இரண்டு வருடம் முடியும்போது

கொப்பிகளை எடுத்துக்கொண்டு உங்கள் மூத்தவரிடம் போங்கள். முதலில் சொன்ன அந்த மூன்று பேரையும் திரும்பப் பாருங்கள். தொடர்வதா, வேலையை மாற்றுவதா, குருமடத்துக்கோ இறையியல் கல்லூரிக்கோ விண்ணப்பிப்பதா, நிறுத்துவதா என்று அவர்களோடு பேசி முடிவெடுங்கள். நிறுத்துவதும் ஒரு முடிவுதான். அதைப் பின்மாற்றம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

நான் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை விட்டேன். வியாழக்கிழமைகள் இப்போது வாரத்தில் மூன்று நாளாகியிருக்கின்றன. சாவு வீடுகளுக்கும் போகிறேன், ஒரு நாளில் ஒன்றுக்கு மட்டும். பஸ்ஸைப் பற்றி நினைக்காமல் நிற்கிறேன்.

பிரசங்கியாராக வந்த அந்தத் தம்பியின் கொப்பியில் பிரசங்க நாட்கள் எல்லாம் பயமும் வயிற்றுவலியுமாக இருந்தன. ஞாயிறு பள்ளி நாட்களில் பிள்ளைகளின் பேர்களை ஒவ்வொன்றாக எழுதிவைத்திருந்தார். அதைப் பார்த்து அவரே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு முழுநேர ஊழியத்தை விட்டுவிட்டுத் தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் வேலைக்குப் போனார். அவர் அம்மா அழுதார், சபையில் சிலர் கதைத்தார்கள். போன மாதம் அந்தச் சபைக்குப் போயிருந்தேன். ஆராதனைக்கு முன் பின்பக்க அறையில் ஒரே சத்தம். எட்டிப் பார்த்தால், தம்பி கோலியாத்தாக மேசைமேல் ஏறி நிற்கிறார், கீழே ஏழு வயதுச் சின்னப் பெண்ணொருத்தி கசக்கிய கடதாசி உருண்டையை ஓங்கிக்கொண்டு நிற்கிறாள், மற்றப் பிள்ளைகள் எல்லாம் "எறிடீ, எறிடீ" என்று கத்துகிறார்கள்.